கோடாக வருவதெல்லாம் அக்கி அல்ல

 

நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பெரும்பாலானவை சிறுநீரகம், இருதயம், புற்றுநோய், பிரசவம் சம்பந்தப்பட்டவை. சென்ற ஆண்டு அவற்றுக்கிடையே வேறு விதமான மனு ஒன்று வந்தது. ஆறு வயதுப் பெண் குழந்தைக்குக் காலில் தோல் வியாதி. மாதம் ஒருமுறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வர பஸ் செலவும், வெளியில் வாங்க வேண்டிய களிம்புக்குக் கொஞ்சம் பணமும் வேண்டும் என்று தாயார் எழுதியிருந்தார். "அரிப்புக்கெல்லாம் உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த மனுவின் ஓரத்தில் "பிறகு பார்க்கலாம்" என்று எழுதியது என் கைதான்.

மூன்று மாதம் கழித்து மக்தப் உஸ்தாத் என்னைப் பள்ளிவாசலில் பார்த்து, "அந்தப் பிள்ளை இப்போ ஓத வருவதில்லை" என்றார். தங்கள் பிள்ளைகளை அதன் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று சில பெற்றோர்கள் சொன்னார்களாம். பள்ளிக்கூடத்திலும், "டாக்டர் சர்டிபிகேட் வரும்வரை வீட்டில் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்களாம். அன்று அஸருக்குப் பிறகு உஸ்தாதோடு அந்த வீட்டுக்குப் போனேன். சித்திரை வெயிலில் அந்தப் பிள்ளை நீளக் கால்சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது.

அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அவர்கள் யாரென்று தெரியாதபடி இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். தோல் மருத்துவர்களிடம் கேட்டும், தேடிப் படித்தும் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளை இப்படி மூலையில் உட்காரக் கூடாது என்பதே நோக்கம்.

அந்த வீட்டில் நடந்தது

பிள்ளைக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது இடது தொடையின் பின்பக்கம் சிறு சிறு பருக்கள் தெரிந்தன. சில மாதங்களில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து, தொடையிலிருந்து முழங்காலின் பின்புறம் வழியாகக் கணுக்கால் வரை ஒரு கோடாக இறங்கின. சிவந்து, சொரசொரப்பாகி, செதில் உதிர்ந்தது. இரவானால் அரிப்பு. பிள்ளை தூங்காது, சொறிந்து சொறிந்து விரிப்பில் இரத்தம் படும்.

பார்த்தவர்கள் எல்லோரும் அக்கி என்றார்கள். குயவர் வீட்டுப் பெரியவர் ஒருவர் காவி குழைத்து அக்கி எழுதினார். காசுகூட வாங்கவில்லை, நல்ல மனிதர். மூன்று முறை எழுதியும் குறையவில்லை. பிறகு யாரோ சொன்னார்கள் என்று சேராங்கொட்டைப் பாலைத் தடவினார்கள். அது தோலை வேகவைத்துக் கொப்புளமாக்கிவிட்டது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அடுத்து மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய ஒரு டியூப் களிம்பு, எட்டு மாதம். போட்டால் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிடச் சிவக்கும்.

இவற்றையெல்லாம்விடத் தாயாரை வருத்தியது வேறொன்று. "கர்ப்பமா இருக்கும்போது கிரகணத்தன்னைக்கு வெளியே வந்து காலைச் சொறிஞ்சிருக்கா. அதான் பிள்ளை காலில் கோடு விழுந்திருக்கு" என்று வீட்டு நன்னி சொல்லியிருக்கிறார். ஐந்து வருடமாக அந்தப் பெண் இந்தப் பழியைச் சுமந்திருக்கிறார். என்னிடம் அவர் முதலில் கேட்டது பண உதவி அல்ல. "அண்ணே, நான் சொறிஞ்சதாலதான் வந்துச்சா?" என்றுதான் கேட்டார்.

நோயின் பெயரும் தன்மையும்

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் பிள்ளையின் காலிலிருந்து மிளகளவு தோலை எடுத்துச் சோதித்தார்கள். பயாப்சி என்பது இதுதான். அதன் பிறகே நோயின் பெயர் உறுதியானது: இன்ஃப்ளமேட்டரி லீனியர் வெருக்கஸ் எபிடெர்மல் நீவஸ். மருத்துவர்கள் சுருக்கமாக 'இல்வென்' என்கிறார்கள். மேல்தோலில் கோடாக ஓடும், பருக்கள் போலத் தடித்த, அழற்சியுள்ள மறு என்று பொருள் கொள்ளலாம். நம்மில் பலருக்கு மச்சமும் மறுவும் இருக்கின்றன. இதுவும் ஒரு வகை மறுதான். ஆனால் சிவந்து, அரித்துத் தொல்லை கொடுக்கும் மறு.

அமெரிக்காவில் ஆல்ட்மன், மெஹ்ரிகன் என்ற இரு மருத்துவர்கள் 1971-ஆம் ஆண்டு 25 நோயாளிகளை ஆராய்ந்து இதன் அடையாளங்களை வரையறுத்தார்கள். சிறு வயதிலேயே தொடங்கும், பெண் பிள்ளைகளிடம் அதிகம், பெரும்பாலும் இடது கால், கடுமையான அரிப்பு, நீண்ட காலம் நீடிக்கும், மருந்துக்கு எளிதில் அடங்காது. நம் பிள்ளையிடம் இவை அத்தனையும் இருந்தன. இந்நோய் வருபவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு ஐந்து வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. அரிதான நோய் என்பதால் ஊரில் பார்ப்பவர்களுக்கு விளங்காமல் போவதில் வியப்பில்லை.

ஏன் கோடாக வருகிறது?

ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஆல்ஃப்ரெட் பிளாஷ்கோ என்றொரு தோல் மருத்துவர் இருந்தார். கோடாக வரும் தோல் நோய்கள் உள்ள 140-க்கும் மேற்பட்டவர்களை அவர் பரிசோதித்தார். ஒவ்வொருவரின் உடலிலும் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பொம்மைகளிலும் சிலைகளிலும் குறித்தார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, மனித உடல் முழுவதற்குமான ஒரு வரைபடம் கிடைத்தது. 1901-இல் அதை வெளியிட்டார். அந்த வரைபடத்தில் கை கால்களில் கோடுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. வயிற்றின் பக்கவாட்டில் வளைந்து செல்கின்றன. முதுகின் நடுவில் கீழ்நோக்கிய அம்புமுனை போலக் கூடுகின்றன. அவை நரம்பின் பாதையும் அல்ல, இரத்தக் குழாயின் பாதையும் அல்ல. இன்றும் அவற்றை பிளாஷ்கோ கோடுகள் என்றே அழைக்கிறார்கள்.

இந்தக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல் நம் எல்லோர் உடலிலும் இருக்கின்றன. தாயின் வயிற்றில் கரு வளரும்போது தோலின் செல்கள் பெருகி, நகர்ந்து, உடலைப் போர்த்துகின்றன. அவை சென்ற வழிதான் இந்தக் கோடுகள். கரு வளரும் தொடக்கக் கட்டத்தில் ஏதோ ஒரு செல்லின் மரபணுவில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தால், அந்தச் செல்லிலிருந்து பிறக்கும் செல்கள் அனைத்திலும் அந்த மாற்றம் இருக்கும். அவை பரவிய பாதை முழுவதும் தோல் வேறுபட்டிருக்கும். அண்மை ஆண்டுகளில் இந்நோயுள்ள சில பிள்ளைகளின் தோலைச் சோதித்தபோது, கோட்டில் இத்தகைய மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

கைலி நெய்வதை வைத்து இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். பாவு ஓட்டும்போது ஒரே ஓர் இழை வேறு சாயத்தில் கலந்துவிட்டால், நெய்து முடித்த துணியில் அந்த வரி தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓடும். துணி நெய்தபின் யாரும் அதைப் போட்டதில்லை. சோப்புப் போட்டாலும் போகாது. பக்கத்து இழைக்கும் அது ஒட்டாது.

"நான் சொறிஞ்சதாலதான் வந்துச்சா?"

அந்தத் தாயாரின் கேள்விக்குப் பதில் இப்போது எளிது. இல்லை, தாயே. கிரகணத்தன்று நீங்கள் வெளியே வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் காலைச் சொறிந்தால் வயிற்றிலுள்ள பிள்ளையின் காலில் கோடு விழாது. நீங்கள் சாப்பிட்ட கத்தரிக்காயோ, மீனோ, கருவாடோ காரணமல்ல. இந்த மாற்றம் கரு உருவாகும் ஆரம்ப நாள்களில் தானாக நேர்வது. அதை வரவழைக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது.

மருத்துவர் சொன்னதை நன்னியிடமும் பக்குவமாக எடுத்துச் சொன்னோம். அவரும் கெட்ட எண்ணத்தில் சொன்னவர் அல்லர். தன் மாமியார் சொல்லக் கேட்டதைச் சொன்னவர்.

'நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு நிக்காஹ் ஆக வேண்டுமே, அதற்குப் பிறக்கும் பிள்ளைக்கும் வருமா?' என்ற கவலையும் வீட்டில் இருந்தது. இது பொதுவாகத் தலைமுறை தலைமுறையாக வரும் நோய் அல்ல. ஒரே குடும்பத்தில் இருவருக்கு வந்திருப்பது மிக அரிது. உடலில் அதிகப் பரப்பில் இருந்தால் மட்டும், உரிய காலத்தில் மரபணு மருத்துவரிடம் ஆலோசனை கேட்கலாம்.

ஒட்டுமா?

ஒட்டாது. கிருமியால் வருவதல்ல. தொட்டாலும், ஒரே பாயில் உட்கார்ந்தாலும், ஒரே ஹவுளில் ஒளுச் செய்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இன்னொருவருக்கு வராது. சொறி, படர்தாமரை போன்றவை பரவும் என்பது உண்மை. அதனால் பெற்றோர்கள் பயந்ததை மட்டும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் என்ன நோய் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பிள்ளையை ஒதுக்கியதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. தோல் பிரிவில் கேட்டவுடன் "இது தொற்று நோய் அல்ல, பள்ளிக்குச் செல்லலாம்" என்று இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த இரண்டு வரி கிடைக்காமல்தான் ஒரு பிள்ளை இத்தனை நாள் வீட்டில் இருந்தது.

கோடாக வரும் மற்ற நோய்கள்

தோலில் கோடு தெரிந்தவுடன் இல்வென் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், சில தானே போய்விடும். சிலவற்றில் ஒவ்வொரு மாதத் தாமதமும் கேடு.

அக்கி: சின்னம்மை வந்துபோன பிறகு அந்தக் கிருமி நரம்பில் தங்கியிருந்து, பின்னாளில் நரம்பின் பாதையில் கொப்புளங்களாக வெளிப்படுவது. எரிச்சலும் வலியும் இருக்கும். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் ஆறிவிடும். காவி எழுதினால் குணமாகிறது என்று நாம் நினைப்பதன் காரணம் இதுதான். எழுதாவிட்டாலும் புண் ஆறும். ஆனால் வயதானவர்களுக்கும் உடல் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால், நோயின் கடுமை குறையும். கண் அருகே வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

லைக்கன் ஸ்ட்ரையேட்டஸ்: பிள்ளைகளுக்குச் சில வாரங்களுக்குள் கோடாகத் தோன்றும் சிறு பருக்கள். அரிப்பு அதிகம் இருக்காது. பல மாதங்களில், சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில், தானாக மறைந்துவிடும். சிறிது காலம் வெளிறிய தடம் இருக்கும். பயம் வேண்டாம்.

லீனியர் மார்ஃபியா: இதில்தான் மிகுந்த கவனம் தேவை. கோடாக உள்ள இடத்தில் தோல் கெட்டியாகி, பளபளத்து, பிறகு உள்வாங்கும். நெற்றியில் வந்தால் வாள் வெட்டுத் தழும்பு போலத் தெரியும். பெரும்பாலும் அரிப்பும் வலியும் அதிகம் இல்லாததால் பெற்றோர்கள் விட்டுவிடுகிறார்கள். வளரும் பிள்ளைக்கு மூட்டின் மேல் வந்தால் மூட்டு மடங்கிப் போகலாம். அந்தக் கையோ காலோ வளர்ச்சி குன்றலாம். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளைக் காலத்தோடு தொடங்கினால் இந்தக் கேட்டைத் தடுக்க முடியும்.

தொழுநோய்: கோடு என்றதும் சிலர் இதைத்தான் பயந்தார்கள். அதன் அடையாளம் அரிப்பல்ல. தொட்டால் உணர்ச்சி தெரியாத, வெளிறிய அல்லது சிவந்த தேமல். அப்படியே இருந்தாலும் ஒதுக்கி வைக்க வேண்டிய நோய் அது இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்தை 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும்.

வேறுபாட்டைச் சொல்லத் தகுதியானவர் தோல் மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. அங்கே போவதற்கு முன் பச்சிலை, சேராங்கொட்டை, ஆசிட், சுண்ணாம்பு எதையும் தடவிவிடாதீர்கள். தடவினால் நோயின் உருவமே மாறி, கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.

சிகிச்சையில் என்ன எதிர்பார்க்கலாம்?

உள்ளதைச் சொல்ல வேண்டும். இந்தக் கோட்டை முழுவதும் அழித்துவிடும் களிம்பு எதுவும் இல்லை. "ஒரே மாதத்தில் அடியோடு போக்குகிறேன்" என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். சிகிச்சையின் முதல் நோக்கம் அரிப்பை அடக்குவது; பிள்ளையைத் தூங்க வைப்பது.

அதற்கு ஸ்டீராய்டு களிம்பு, கால்சிபோட்ரியால், டாக்ரோலிமஸ் போன்றவற்றை மருத்துவர் வயதுக்கும் இடத்துக்கும் ஏற்பத் தேர்ந்தெடுப்பார். ஒரு பிள்ளைக்குக் கேட்கும் மருந்து இன்னொரு பிள்ளைக்குக் கேட்காமல் போகலாம். மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். வளர்ந்த பிறகு லேசர் மூலமோ அறுவை மூலமோ அகற்றுவதும் உண்டு. தழும்பு விழலாம், மறுபடி வரவும் செய்யலாம் என்பதால் அதற்கு அவசரப்படுவதில்லை.

ஸ்டீராய்டு களிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்களுக்குப் போட்டால் நல்ல மருந்து. கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, வரிவரியாக வெடித்து, இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும். படர்தாமரை இருந்தால் அதை மறைத்து வளர்த்துவிடும். இந்தக் காரணத்தால்தான் 2018-இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. ஆனாலும் கடைகளில் கிடைக்கிறது, நாமும் வாங்குகிறோம்.

மிகச் சில பிள்ளைகளுக்கு இவ்வகை மறுக்களோடு எலும்பு, கண், மூளை வளர்ச்சியிலும் குறை இருக்கலாம். எனவே இரண்டு கால்களும் ஒரே நீளமா, கண் பார்வை சரியா, வலிப்பு வந்ததுண்டா, வயதுக்கேற்ற பேச்சும் நடையும் உண்டா என்று மருத்துவர் கேட்பார். மறைக்காமல் சொல்லுங்கள். நம் பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வெந்நீரும் காரமான சோப்பும் வேண்டாம். குளித்ததும், ஒளுச் செய்ததும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, மருத்துவர் சொன்ன ஈரப்பசைக் களிம்பைத் தடவுங்கள். பருத்தித் துணி உடுத்துங்கள். சீழ், வீக்கம், காய்ச்சல் கண்டால் காத்திருக்க வேண்டாம். "சொறியாதே" என்று அடிக்காதீர்கள். அரிப்பு அதன் கையில் இல்லை. ஓதிப் பார்ப்பவர்கள் ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள். ஆனால் அதை மருத்துவமனைக்குப் போகாமலிருக்க ஒரு சாக்காக ஆக்கிவிடாதீர்கள்.

நாங்கள் திருத்திக்கொண்டது

அந்த மனுவை அடுத்த கூட்டத்தில் மறுபடி வைத்தேன். முன்பு நான் எழுதிய வரியையும் வாசித்துக் காட்டினேன். பஸ் செலவும் களிம்புச் செலவும் ஓராண்டுக்கு ஒப்புக்கொள்ளப்பட்டன. முன்பு கேள்வி கேட்ட சகோதரரே முதல் மாதப் பணத்தைத் தன் கையிலிருந்து கொடுத்தார்.

மருத்துவ உதவி மனுப் படிவத்தில் இப்போது மூன்று கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். நோயாளிக்குத் தூக்கம் கெடுகிறதா? பள்ளியோ வேலையோ ஓதலோ நின்றுவிட்டதா? நோயைச் சொல்லி யாராவது ஒதுக்குகிறார்களா? நோயின் பெயர் எங்களுக்குப் புரியாவிட்டாலும் இந்த மூன்றுக்கும் பதில் புரியும். ஒன்றுக்கு 'ஆம்' என்றிருந்தாலும் அந்த மனுவை ஓரத்தில் வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

பிள்ளையின் காலில் கோடு இன்னும் இருக்கிறது. தடிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. சென்ற மாதம் அலுவலகத்துக்கு வந்த தாயாரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ராத்திரி தூங்குது அண்ணே" என்றார். மாலையில் மக்தபில் முன்வரிசையில் உட்கார்ந்து ஓதுகிறது என்று உஸ்தாத் சொல்கிறார். பக்கத்தில் மற்றப் பிள்ளைகளும் உட்காருகிறார்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பிள்ளைகளுக்கு இப்படிக் கோடாக எதுவும் தெரிந்தால், எந்த மருந்தும் தடவுவதற்கு முன் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போக வழியில்லை என்றால் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள்களில் மஃரிபுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், யாராவது ஒருவர் உங்களோடு மருத்துவமனைக்கு வருவார்.

வஸ்ஸலாம்.

— செயலாளர்